பின் சீட்டில் பிள்ளைகள், டிக்கியில் இரண்டு பாட்டில்

ஆபத்து என்று வந்தால் முதலில் எதைத் தூக்குவாய் என்று எந்தத் தாயைக் கேட்டாலும், பிள்ளையைத்தான் என்பாள். என்னைக் கேட்டிருந்தாலும் யோசிக்காமல் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பிறகு ஏன் அன்றைக்கு என் கை வேறு ஒன்றை எடுக்கப் போனது? ஒரு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

போன வருடம் மே மாதம், ஆலங்குடியைத் தாண்டிப் புதுக்கோட்டை போகும் சாலையில் உள்ள ஒரு பெட்ரோல் பங்கில் இது நடந்தது. காலை பத்தரை மணி இருக்கும். கத்திரி வெயில்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அத்தையோடு, அதாவது மாமியாரோடு, இருக்கிறேன். கணவருக்குக் குவைத்தில் வேலை. அப்போது மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்றரை வயது. அவசரத்துக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று கணவர் விடுமுறையில் வந்தபோது ஒரு பழைய சின்னக் காரை வாங்கிக் கொடுத்தார். அறந்தாங்கியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஓட்ட வந்ததே தவிர பயம் போகவில்லை. நான் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், கேஸை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள். கார் வந்ததும் பயப்பட இன்னொரு பொருள் கிடைத்தது, அவ்வளவுதான்.

மகளின் பள்ளியில் அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கோடை தொடங்கியதும் அதில் இரண்டு செய்திகள் சுற்றின. பெட்ரோல் பங்கில் செல்போன் பேசினால் தீப்பிடிக்கும் என்பது ஒன்று. வெயில் காலத்தில் டேங்கை முழுக்க நிரப்பினால் கார் வெடிக்கும், பாதி மட்டும் போடுங்கள் என்பது இன்னொன்று. கருகிப்போன கார் ஒன்றின் படமும் கூடவே வந்தது. படித்தவள்தான் நான், பட்டம் வாங்கியவள். ஆனாலும் யார் சொன்னது, எங்கே நடந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. படத்தைப் பார்த்ததும் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். கணவருக்கும் அனுப்பினேன்.

"அப்படிப் பாத்தா குவைத்துல ஒரு வண்டி மிச்சம் இருக்காதே" என்று போனில் சிரித்தார். அவர் எதையும் லேசாக எடுத்துக்கொள்கிறவர் என்று நினைத்தேனே தவிர, அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதே என்று நினைக்கவில்லை. அன்றிலிருந்து அரை டேங்குக்கு மேல் போடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அரை டேங்க் என்றதும் அடுத்த பயம் வந்தது. வழியில் தீர்ந்துபோனால்? இரண்டு பிள்ளைகளோடு வெயிலில் நடுரோட்டில் நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் வண்டிக்காரர்களுக்காகத் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி வைத்திருப்பார்கள். அதில் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டை வாங்கி, மஞ்சள் பையில் போட்டு, காரின் டிக்கியில் வைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போதே கை கூசுகிறது. டேங்க் நிறைந்தால் வெடிக்கும் என்று பயந்த நான், பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் அடைத்து, பிள்ளைகள் உட்காரும் சீட்டுக்கு நேர் பின்னால் வைத்தேன். பாதுகாப்புக்காகத்தான் வைத்தேன். அது அங்கே இருப்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த மே மாதம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. அம்மா வீடு இலுப்பூரில். நான்கு நாள் கூட இருந்துவிட்டு வரலாம் என்று பிள்ளைகளோடு கிளம்பினேன். கார் வாங்கியதிலிருந்து, வெளியே கிளம்பும்போதெல்லாம் அத்தை ஒரு வேலை செய்வார். காருக்குள் முன்னால் ஒட்டியிருக்கும் சின்னப் பிள்ளையாருக்கு ஒரு ஊதுவத்தி கொளுத்தி, பக்கத்தில் உள்ள பித்தளைக் குழாயில் செருகிவிடுவார். வண்டிக்குக் காவல். அணைந்தால் நீயே ஒன்று கொளுத்திக்கொள் என்று ஒரு கட்டு ஊதுவத்தியும் தீப்பெட்டியும் காருக்குள்ளேயே வைத்திருந்தார்.

ஆலங்குடி வருவதற்குள் அந்தப் பத்தி எரிந்து முடிந்துவிட்டது. மகன் தூங்கிவிட்டான். ஏசி போட்டுக் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தேன். "அம்மா, ஒரு மாதிரி வாடை அடிக்குது" என்று மகள் மூக்கைப் பொத்தினாள். எனக்கும் லேசாக அடித்தது. பழைய கார்தானே, வெயிலில் நின்ற கார்தானே என்று நினைத்தேன். ஆலங்குடியைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, தீக்குச்சியைக் கிழித்து இன்னொரு ஊதுவத்தி கொளுத்தினேன். வாடை தெரியாமல் இருக்கட்டும் என்று.

ஆமாம், பெட்ரோல் வாடையை மறைக்கத் தீக்குச்சி கிழித்தேன். அப்போது பாட்டில் மூடி வழியாகக் கொஞ்சமாகத்தான் கசிந்திருக்க வேண்டும். கதவும் திறந்திருந்தது. அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு சாலை போடுகிறோம் என்று கொத்திப் போட்டிருந்த இடத்தில் கார் குதித்துக் குதித்துப் போனது. டிக்கியில் ஏதோ உருண்டது கேட்டது. அம்மாவுக்கு எடுத்து வைத்த தேங்காய் என்று நினைத்தேன். வாடை அதிகமாகியது. பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. கொஞ்ச தூரத்தில் பங்க் வந்தது. பங்க் பக்கத்தில் இருப்பதால்தான் இவ்வளவு வாடை என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் ஒரு லோடு ஆட்டோ நின்றது. பின்னால் பூ மூட்டைகள். கீரமங்கலத்தில் வாங்கிய பூவைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகிறவர் போலிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஆட்டோவுக்கு டீசல் போட்டுக்கொண்டிருக்கும்போதே காதில் போனை வைத்துக்கொண்டு சத்தமாகப் பூ விலை பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தக் கருகிய காரின் படம் நினைவுக்கு வந்தது. காரை அணைத்துவிட்டு இறங்கிப் போனேன். சாதாரணமாக நான் யாரிடமும் குரல் உயர்த்த மாட்டேன். அன்றைக்கு உயர்த்தினேன். போர்டில் செல்போன் படம் போட்டு அடித்திருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா, சின்னப் பிள்ளைகளோடு வந்திருக்கிறோம், ஒரு பொறி பட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். பக்கத்தில் பைக்குக்குப் பெட்ரோல் போட நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. பேசிக்கொண்டிருந்தவரிடம் "ஒரு நிமிசம்ப்பா, இங்கிட்டு நமக்கு அர்ச்சனை நடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டார். உண்மையைச் சொல்வதானால், திரும்பி வரும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெட்ரோல் போடுகிற பெண் என் கார் பக்கம் வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். சுடிதாருக்கு மேல் பங்கின் நீலச் சட்டை. அரை டேங்குக்கு மேல் போய்விடக் கூடாது என்று அவளுக்கும் பாடம் எடுத்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உள்ள என்ன, பத்தியா எரியுது?"

சாமிக்கு என்றேன். அதற்குள் பூக்காரரும் எட்டிப் பார்த்துவிட்டார்.

"நான் போனை அணைச்சிட்டேன் ஆத்தா. ஒங்க பத்தியை யாரு அணைக்கிறது?"

பைக்கில் வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. முன்கதவைத் திறந்து, பத்தியைக் குழாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், தீயணைக்க வைத்திருக்கும் மணல் வாளியில் தலைகீழாகக் குத்தினாள். திரும்பி வந்தவள் காரின் பின்பக்கம் போய்க் குனிந்தாள். டிக்கிக் கதவின் அடியில் ஈரமாக ஒரு கோடு. சொட்டு சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

டிக்கியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். ரெண்டு பாட்டில் என்றேன். என்ன பாட்டில் என்று அவள் கேட்கவில்லை. அடுத்த பம்பில் இருந்தவர்களைப் பார்த்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மொதல்ல பிள்ளைகளை எறக்குங்கக்கா."

தெளிவாகத்தான் சொன்னாள். எனக்கும் தெளிவாகக் கேட்டது. ஆனால் நான் டிக்கியைத் திறந்தேன். ஒரு பாட்டில் மூடி விட்டுப்போய்ப் படுத்துக் கிடந்தது. இன்னொன்று சூட்டில் வயிறு உப்பி நின்றது. மஞ்சள் பை நனைந்து ஊறியிருந்தது. அதை அப்படியே இரண்டு கையாலும் மார்போடு அள்ளி எடுத்தேன். எங்கே கொண்டுபோவதென்று தெரியாமல் இரண்டடி நடந்தேன். சுடிதார் முன்பக்கமெல்லாம் நனைந்தது. அப்போதுதான் பின் சீட்டு ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தேன். சீட்டு காலியாக இருந்தது.

அந்த ஒரு கணத்தை என்னால் இங்கே எழுத முடியவில்லை.

டயருக்குக் காற்று அடிக்கும் இடத்துக்கும் அப்பால், வேப்பமரத்தடியில் பூக்காரர் நின்றிருந்தார். இடுப்பில் என் மகன். இன்னொரு கையில் மகளின் விரல்கள். நான் பாட்டிலைத் தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில், நான் திட்டிய மனிதர் என் பிள்ளைகளை இறக்கிக் கொண்டுபோயிருந்தார்.

அந்தப் பெண் என்னைச் சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனைக்குக் கூட்டிப்போய்ப் பையைத் தரையில் வைக்கச் சொன்னாள். மற்றவர்கள் ஈரத்தின் மேல் மணலைக் கொட்டினார்கள். ஸ்டார்ட் செய்யாமல் காரைக் கையாலேயே தள்ளி ஓரமாக நிறுத்தி, நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து போட்டார்கள். நான் பிள்ளைகளிடம் ஓடினேன். தூக்கம் கலைந்து அழுதுகொண்டிருந்த மகன் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினான். நானும் நீட்டினேன்.

"தூக்காதீங்கக்கா. ஒங்க மேலெல்லாம் பெட்ரோல்" என்றாள் அந்தப் பெண், பின்னாலிருந்து.

அவன் எட்டி எட்டி அழுகிறான். நான் ஒரு அடி பின்னால் நகர்கிறேன். என் பிள்ளையிடமிருந்து நான் நகர்ந்து போனது அந்த ஒரு முறைதான். பங்கின் பின்பக்க அறையில் சோப்புப் போட்டுக் கழுவி, முன் சீட்டில் இருந்த என் பெட்டியிலிருந்து அவள் எடுத்துக்கொடுத்த புடவையைச் சுற்றிக்கொண்டு வரக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை பூக்காரர் அவனை வைத்துக்கொண்டிருந்தார். ஒரு மூட்டையைப் பிரித்து மகளின் மடி நிறையச் செண்டுமல்லியைக் கொட்டியிருந்தார். நான் பக்கத்தில் போனதும் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை.

"யாவாரி கூப்புடுறாரு. எடுக்கலாமா ஆத்தா, இல்ல பங்க் வெடிச்சிருமா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மன்னிச்சிருங்கண்ணே என்றேன். பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டு, பூ வாடுகிறது என்று சொல்லி ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. என்னால் அன்றைக்கு அவருடைய பூ சந்தைக்கு நேரத்தில் போயிருக்காது.

கார் காயும் வரை அந்தப் பெண்ணோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் வந்து நன்றாகத் திட்டிவிட்டுப் போனார். அவள் திட்டவில்லை. ஆனால் விட்டுவைக்கவும் இல்லை. போன் பேசினால் என்ன ஆகும் என்று கேட்டேன். போனால் தீப்பிடித்ததை அவள் பார்த்ததில்லையாம். ஆனால் பேச்சு மும்முரத்தில் பெட்ரோலுக்குப் பதில் டீசல் போடச் சொன்னவர்களையும், பெட்ரோல் குழாயின் நாசில் டேங்கில் இருக்கும்போதே வண்டியை எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறாள். போர்டில் வேண்டாம் என்று போட்டிருந்தால் வேண்டாம்தான் என்றாள். முழு டேங்க் விஷயத்துக்குத்தான் அவள் சிரித்தாள். வெயிலில் பெட்ரோல் விரியும் என்று கார் செய்கிறவர்களுக்குத் தெரியாதா, அதற்கு இடம் விட்டுத்தான் டேங்க் செய்கிறார்கள், நாசில் தானாக நின்ற பிறகு மேலே மேலே ஊற்றாமல் இருந்தால் போதும் என்றாள். விரிவதற்கு இடம் இல்லாதது தண்ணீர் பாட்டிலில்தான்.

"டேங்கை நம்ப மாட்டேன்னுட்டு, பத்து ரூவாத் தண்ணி பாட்டிலை நம்பியிருக்கீங்களேக்கா."

பத்து நிமிடம் அவள் பேசியதில் எனக்கு அப்படியே மனதில் நின்றது இதுதான்.

சில மாதம் கழித்து மகளின் பள்ளிக்குத் தீயணைப்பு நிலையத்திலிருந்து செயல்விளக்கம் காட்ட வந்தார்கள். பெற்றோரும் போயிருந்தோம். முடிந்ததும் தனியாகப் போய், யாருக்கோ நடந்தது போல ஒருவரிடம் கேட்டேன். பத்தி நுனியில் இருக்கும் கனலைவிடத் தீக்குச்சியின் சுடர்தான் பெரிய ஆபத்து என்றார். பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது, காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்துபோய்த் தூரத்தில் உள்ள நெருப்பைக்கூடத் தேடிப் பிடிக்கும் என்றார். வறண்ட நாளில் சீட்டிலிருந்து உரசி இறங்கும்போது உடம்பில் சேரும் மின்சாரம்கூடச் சில நேரம் பொறியாகும், அதனால் பெட்ரோல் போடும்போது ஏறி ஏறி இறங்க வேண்டாம் என்றார். டேங்க் வாயில் தீப்பிடித்தால் நாசிலைப் பிடுங்கக் கூடாது, எரிகிற பெட்ரோலைச் சுற்றிலும் தெளித்தது போல ஆகும், விட்டுவிட்டு விலகி ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்றார். எல்லாவற்றையும் அந்த அம்மாக்கள் குழுவில் எழுதினேன். என் பழைய செய்தி தவறு என்றும் எழுதினேன். இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அடுத்த வாரமே முழு டேங்க் செய்தி வேறொரு படத்தோடு மறுபடியும் வந்தது.

இப்போது என் காரில் பாட்டில் கிடையாது. நாசில் நிற்கும் வரை டேங்கை நிரப்புகிறேன். அத்தையிடம் விஷயத்தைச் சொன்னதும் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்த பித்தளைக் குழாயில் அவரே ஒரு செம்பருத்திப் பூவைச் செருகிவிட்டார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று இலுப்பூர் போய்ச் சேர்ந்ததும் கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பிள்ளைகளை யாரு எறக்குனா?"

நாந்தான் என்றேன்.

நல்லவேளை என்று பெருமூச்சு விட்டார். இந்த ஒரு வருடத்தில் அதைத் திருத்திச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இது அச்சில் வந்தால் முதல் பிரதியின் படத்தை அவருக்குத்தான் அனுப்பப் போகிறேன். அன்று என் கை ஏன் பாட்டிலுக்குப் போனது என்று கேட்பார். என் தவறை நானே எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். நான்கு பேர் பார்ப்பதற்குள் மறைத்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். இரண்டில் எது என்று சத்தியமாகத் தெரியவில்லை.

அதனால் என்னைப் போலச் சின்னப் பிள்ளைகளோடு தனியாகக் கார் ஓட்டும் சகோதரிகளிடம் கேட்கிறேன். பங்கில் நிற்கும்போது தூங்குகிற பிள்ளையை எழுப்பி இறக்கிவிடுகிறீர்களா, அல்லது பெல்ட்டைத் தளர்த்தி வைத்து, கதவருகே நிற்கிறீர்களா? ஏறி இறங்காதே என்கிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் எப்படிச் செய்வதென்று எனக்குப் பிடிபடவில்லை. இப்போதெல்லாம் நான் ஒவ்வொரு முறையும், பங்குக்குள் நுழையும் முன்பே, 'முதலில் தம்பி, பிறகு பாப்பா, பிறகுதான் மற்றதெல்லாம்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன். மகளும் கூடவே சொல்கிறாள். சொல்லிப் பழகினால் கை கேட்குமா என்று, அப்படியொரு நேரத்தைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.